நானோ வேப்பெண்ணெய் ஊற்றினால் தொட்டியில் கொசுப்புழு சாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாரண்டஅள்ளி மல்பெரி

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒருவர் பாட்டில் கொண்டுவந்து விற்கிறார், "நானோ வேப்பெண்ணெய், கொசுப்புழுவுக்கு இயற்கை மருந்து" என்று ஒட்டியிருக்கிறது. ஐந்நூறு லிட்டர் தொட்டிக்கு ஒரு மூடி போதுமாம், டெங்கு கொசுவே வராதாம், வேம்புதானே, குடிக்கிற தண்ணீரிலும் ஊற்றலாமாம். தண்ணீரில் விட்டுக் காட்டினார். எண்ணெய் மிதக்கவே இல்லை, அப்படியே கரைந்த மாதிரி தெளிவாகப் போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஆச்சரியம்.

எங்கள் ஊர் மகளிர் குழு இதை மொத்தமாக வாங்கி விற்கலாமா, இல்லை நாமே தயாரிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேப்பங்கொட்டைக்கு இங்கே பஞ்சமில்லை. எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். ஒன்று, இது நிஜமா, இல்லை பெயருக்கு நானோவா. இரண்டு, எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு இருக்கிறது. வளர்ப்பு மனையில் புழுத்தட்டுகளைத் தாங்கும் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் இருக்க வைக்கிற தண்ணீர்க் கிண்ணங்களிலேயே கொசுப்புழு நெளிகிறது. அதில் இதை ஊற்றினால் என் பட்டுப்புழுவுக்கு ஏதாவது ஆகுமா?

ஒசூர் வேதியியல்

முதல் கேள்விக்குப் பதில்: நிஜம்தான், அறிவியல் இருக்கிறது. ஆனால் அந்த பாட்டிலில் இருப்பது அதுதானா என்பது வேறு கேள்வி.

எண்ணெயும் தண்ணீரும் சேராது. சேரவைக்க நடுவில் சோப்பு மாதிரி ஒரு பொருள் வேண்டும், ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். காய்கறித் தோட்டத்துக்கு வேப்பெண்ணெயில் காதி சோப்பு கரைத்து அடிக்கிறோமே, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அதுவும் பால்மம்தான். அதில் எண்ணெய்த் துளி ஒவ்வொன்றும் சில மைக்ரான் அளவு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துளி பெரிதாக இருப்பதால் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அதனால்தான் வெள்ளை. கொஞ்ச நேரம் வைத்தால் எண்ணெய் மேலே பிரிந்துவிடும்.

அதே துளியை 20 முதல் 200 நானோமீட்டர் அளவுக்கு (நானோமீட்டர் என்றால் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உடைத்துவிட்டால் நானோ பால்மம். நூறு நானோமீட்டருக்குக் கீழே போகப் போக தெளிவாகவோ லேசான நீலச் சாயலோடோ தெரியும், மாதக்கணக்கில் பிரியாமல் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மைக்ரான் துளியை 30 நானோமீட்டர் துளிகளாக உடைத்தால் ஒரே எண்ணெயிலிருந்து துளிகளின் எண்ணிக்கை பத்து லட்சம் மடங்கு, மொத்தப் பரப்பு நூறு மடங்கு. கொசுப்புழு தண்ணீரை வாயால் துழாவி வடிகட்டித் தின்கிற உயிர். மேலே மிதக்கிற எண்ணெயைவிட, தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கிற இந்தப் பொடித் துளிகள் அதன் குடலுக்குள்ளும் தோல் மேலும் நிறையப் படும். அவ்வளவுதான் தத்துவம்.

இதில் நம் பக்கத்து வேலையே இருக்கிறது. வேலூர் வி.ஐ.டி.யில் வேப்பெண்ணெயை ட்வீன் 20 என்ற சோப்பு மாதிரிப் பொருளோடு சேர்த்து, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வைத் தரும் அல்ட்ராசோனிக் கருவியால் உடைத்து 2012இல் ஆய்வு வெளியிட்டார்கள். துளி அளவு 31 நானோமீட்டர் வரை இறங்கியது, துளி சிறுக்கச் சிறுக்கப் புழு சாகிற அளவும் குறைந்தது. யூகலிப்டஸ் எண்ணெயிலும் அதே இடத்தில் செய்திருக்கிறார்கள்.

காரிமங்கலம் மரச்செக்கு

நல்ல விளக்கம் தம்பி. நான் செக்கு ஓட்டுகிறவன். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் என் கையில் தினமும் புழங்குகிறது, இந்த எண்ணெய்க்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி உண்டு என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஊரில் சாக்கடையில் புங்க எண்ணெய்ப் புண்ணாக்கு போட்டால் புழு குறைவதைப் பார்த்திருக்கிறோம். என் கேள்வி இதுதான்: இதற்கு எதற்கு லட்ச ரூபாய் கருவி? மிக்ஸியில் நன்றாக அடித்தால் ஆகாதா? அந்த ட்வீன் என்கிற கெமிக்கலுக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் போட்டால் முழுக்க இயற்கையாகவே இருக்குமே.

ஒசூர் வேதியியல்

மிக்ஸியில் ஆகாது ஐயா. அதன் பிளேடு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் துளி மைக்ரான் அளவில்தான் நிற்கும், அதற்குக் கீழே உடைக்கத் தேவைப்படும் விசை அதில் கிடைக்காது. ஆய்வகத்தில் அல்ட்ராசோனிக் கருவி, தொழிற்சாலையில் அதிக அழுத்தத்தில் நுண்ணிய துளை வழியே தள்ளுகிற ஹோமோஜெனைசர். இன்னொரு வழியும் உண்டு: எண்ணெயையும் ட்வீனையும் முதலில் ஒன்றாகக் கலந்து, பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினால் சில கலவைகளில் தானாகவே நானோ அளவுக்கு உடையும். ஆனால் அதற்கு ட்வீன் ஏராளமாக வேண்டும்.

பூந்திக்கொட்டையில் சப்போனின் இருக்கிறது, நுரைக்கும், எண்ணெயைப் பால்மமாக்கும், உண்மை. ஆனால் கையால் கலக்கினால் கிடைப்பது அதே பால் வெள்ளைக் கலவைதான். தோட்டத்துக்கு அடிக்க அருமை, நானோ என்று பெயர் வைக்க முடியாது.

இந்த இடத்தில் எல்லோரும் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம். வேலூர் ஆய்வில் 31 நானோமீட்டர் கிடைத்தது எண்ணெய் ஒரு பங்கு, ட்வீன் மூன்று பங்கு என்ற விகிதத்தில். அதாவது "நானோ வேப்பெண்ணெய்" பாட்டிலில் வேப்பெண்ணெயைவிட ட்வீன்தான் அதிகம். இதே வகையைச் சேர்ந்த ட்வீன் 80 ஐஸ்கிரீமில்கூடப் போடுகிற பொருள்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் புழு செத்தது எண்ணெயாலா, ட்வீனாலா என்று கேட்கவேண்டும், ஏனென்றால் சோப்பு வகைப் பொருள் எதுவுமே அளவு கூடினால் கொசுப்புழுவைக் கொல்லும். அதனால்தான் எண்ணெய் இல்லாமல் ட்வீனும் தண்ணீரும் மட்டும் கலந்த ஒரு கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். அப்படி ஒப்பிடாத எந்த முடிவையும் நான் நம்பமாட்டேன்.

பென்னாகரம் களப்பணி

நான் டெங்கு கொசு ஒழிப்புப் பணியில் வீடு வீடாகப் போகிறவள். நீங்கள் எல்லோரும் மருந்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல் காவி பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் மேட்டு ஊர்களில் காவிரித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்றைக்கு வீட்டில் இருக்கிற பேரல், சிமெண்ட் தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். போர் தண்ணீர் மாடு கழுவ, பாத்திரம் கழுவ. காவிரித் தண்ணீர் குடிக்க, சமைக்க. அதனால் அதைக் கீழே கொட்டச் சொன்னால் யாருக்கும் மனசு வராது, எனக்கும் சொல்ல வாய் வராது. டெங்கு கொசுவுக்கு இந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். சாக்கடை அதற்கு வேண்டாம்.

டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும், பேரலின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கருப்பாகப் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும், அது முட்டை. தண்ணீரைக் கொட்டினாலும் அது போகாது. காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த முறை தண்ணீர் பிடிக்கும்போது நனைந்து பொரிக்கும். பொரித்து ஏழு முதல் பத்து நாளில் கொசு பறந்துவிடும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுச் சுவரைத் தேய்க்கச் சொல்கிறோம். எந்த மருந்து ஊற்றினாலும் அந்த முட்டை அப்படியேதான் இருக்கும்.

அபேட் என்கிற கொசுப்புழு மருந்தை ஊற்றினால் வாடை அடிக்கிறது என்று நாங்கள் தெரு திரும்புவதற்குள் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. வேப்பெண்ணெய் என்றால் ஏற்றுக்கொள்வார்களோ என்று எனக்கும் ஒரு ஆசை. ஆனால் கசக்குமே?

காவேரிப்பட்டணம் டீச்சர்

கசப்பு மட்டும் பிரச்சினை இல்லை அக்கா. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கு வாயில் கொடுத்து, வாந்தி, வலிப்பு, கல்லீரல் பாதிப்பு வந்து ஆபத்தான நிலைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மலேசியாவில் நடந்ததைப் பற்றி 1981இலேயே லான்செட் இதழில் வந்தது. அங்கே கொடுத்தது நேரடியாக எண்ணெய், தொட்டியில் கரைகிற அளவு அதைவிட மிகக் குறைவு, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் "இயற்கை, குடிக்கலாம்" என்று சொல்லி விற்பவர் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும்தானே விற்கிறார். வேப்பங்கொழுந்து சாப்பிடுவதும் கொட்டையிலிருந்து பிழிந்த எண்ணெய் உள்ளே போவதும் ஒன்றல்ல. அரளியும் இயற்கைதான், எருக்கும் இயற்கைதான்.

மரச்செக்கு ஐயா தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வெளியே பூசுவதற்கு எங்கள் வீட்டிலும் வேப்பெண்ணெய்தான்.

காரிமங்கலம் மரச்செக்கு

தவறாக எடுக்கவில்லை அம்மா. நானே வாங்க வருகிறவர்களிடம் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். கொட்டை நன்றாகக் காயாமல் பூஞ்சை பிடித்திருந்தால் அந்த எண்ணெய் இன்னும் மோசம். ஆனி ஆடியில் பழம் உதிரும்போது மழை பிடித்துக்கொண்டால் பாதிக் கொட்டை கருத்துவிடும், அதையும் சிலர் அரைக்கிறார்கள். அதோடு மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர் சத்து மாறும். ஒரே விலைக்கு விற்கிற இரண்டு வேப்பெண்ணெயில் ஒன்று புழுவைக் கொல்லும், இன்னொன்று வெறும் எண்ணெய். நானோ ஆக்கினாலும் உள்ளே சத்து இல்லையென்றால் என்ன செய்யும்?

ஊத்தங்கரை விலங்கியல்

ஐயா சொன்னது மிக முக்கியமான விஷயம். அந்தச் சத்தின் பெயர் அசாடிராக்டின், 1968இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். விவசாய மருந்துக் கடையில் வேம்பு மருந்து வாங்கினால் லேபிளில் 300 பி.பி.எம்., 1500 பி.பி.எம்., 10000 பி.பி.எம். என்று போட்டிருப்பது இதன் அளவைத்தான் (பி.பி.எம். என்றால் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பது). அந்த நானோ பாட்டிலில் இந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் ஆய்வு மாணவி, கொசுப்புழுச் சோதனைகள் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வேலூர் ஆய்வில் 31 நானோமீட்டர் கலவைக்கு, பாதிப் புழு சாகிற அளவு லிட்டருக்கு 11.75 மில்லிகிராம். நல்ல எண்தான். ஆனால் அது எந்தக் கொசு? கியூலெக்ஸ், அதாவது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்கிற, யானைக்கால் நோய் பரப்புகிற கொசு. டெங்குவைப் பரப்புவது ஏடிஸ். ஒரு இனத்தில் வந்த எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டக்கூடாது. ஏடிஸ் மேல் துளசி வகை எண்ணெய் உட்படப் பலவற்றைச் சோதித்திருக்கிறார்கள், அங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் எண்ணெய்க்கு எண்ணெய் அளவு மாறும். வேப்பெண்ணெய் ஆய்வைக் காட்டி "டெங்கு போய்விடும்" என்று யாராவது விற்றால் அது அந்த ஆய்வு சொன்னதல்ல.

இப்போது அந்த 11.75ஐ வைத்தே கணக்குப் போடுவோம். 500 லிட்டர் தொட்டிக்குக் கிட்டத்தட்ட 6 கிராம். அது பாதிப் புழுவைக் கொல்ல. மீதிப் பாதி கொசுவாகப் பறக்கும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சாகவேண்டும் என்றால் அதைவிடக் கணிசமாகக் கூட்டவேண்டும். ஒப்பிட, அபேட் என்று நாம் சொல்கிற டெமிபாஸ், குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிற உச்ச அளவே லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான். பைரிபிராக்சிபென் என்று இன்னொன்று, குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆகவே தாவர எண்ணெய் நானோவாக ஆனாலும் அளவில் இவற்றோடு போட்டி போட முடியவில்லை. இன்னொன்று, அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதையும், யூகலிப்டஸ் மாதிரி வாசனை எண்ணெய்கள் ஆவியாகும். நானோ துளிக்குள் இருந்தால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அடிக்கடி ஊற்றவேண்டி வரும்.

சோதனை எப்படிச் செய்வோம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர் "நேரிலே காட்டுகிறேன்" என்பார். உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வழிகாட்டி முறைப்படி, ஒரே வயதுப் புழு 25, மூன்றாம் பருவக் கடைசியிலோ நான்காம் பருவத் தொடக்கத்திலோ இருப்பவை, ஒரு கப்பில் 100 மி.லி. தண்ணீர். ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது நான்கு கப், மருந்தில்லாத கப்புகள் தனி. 24 மணி நேரம் கழித்து எண்ணுவோம். மருந்தில்லாத கப்பிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யவேண்டும். 5க்கும் 20க்கும் நடுவில் என்றால் தானாகச் செத்த புழுக்களைக் கணக்கில் கழிக்கிற ஆபட் சூத்திரம் போட்டுத் திருத்தவேண்டும், அது 1925இலிருந்து இருக்கிற சூத்திரம்.

வேம்புக்கு ஒரு நியாயமும் சொல்லவேண்டும். அசாடிராக்டின் உடனே கொல்லாது. தோலுரிக்கிற ஹார்மோனைக் குழப்பும், புழு அடுத்த பருவத்துக்குப் போகமுடியாமல் சிக்கிச் சாகும், அல்லது கூட்டுப்புழுவாகிக் கொசு வெளியே வரமுடியாமல் போகும். 24 மணி நேரத்தில் எண்ணினால் வேம்பின் முழு வேலை தெரியாது, கொசு வெளியே வருகிறதா என்பது வரை பார்க்கவேண்டும். செக்கு ஐயா சாக்கடையில் புழு குறைவதைப் பார்த்தேன் என்று சொன்னதை நான் தள்ளமாட்டேன்.

மாரண்டஅள்ளி மல்பெரி

தோலுரிக்கிற ஹார்மோன் என்றதும் எனக்குத் திக்கென்றது. பட்டுப்புழுவும் நான்கு முறை தோலுரிக்கிறதே!

ஊத்தங்கரை விலங்கியல்

அதேதான் அண்ணா. பட்டுப்புழுவுக்கும் அசாடிராக்டின் நஞ்சு. மல்பெரித் தோட்டத்தில் வேம்பு மருந்து அடித்தால் இத்தனை நாள் காத்திருந்துதான் தழை வெட்டவேண்டும் என்று பட்டு வளர்ச்சித் துறையினர் சொல்வது அதனால்தான். புழு வளர்ப்பு மனைக்குள் அந்த பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றிய கையோடு தழை அள்ளிப் போட்டால்கூடப் போதும், தோலுரிக்காமல் நின்றுவிடும். எறும்புக் கிண்ணத்துக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்துவிடும், கொசுப்புழு மூச்சுக்குழாயை மேலே மாட்டித் தொங்கமுடியாமல் மூழ்கும், எறும்பும் மிதந்து தாண்டாது. ஒவ்வொரு ஈட்டுக்கும், அதாவது ஒவ்வொரு முறை புழு வளர்ப்புக்கும், நடுவில் மனை கழுவும்போது கிண்ணத்தையும் தேய்த்துவிடுங்கள்.

அரூர் பட்டுக்கூடு

இதோடு ஒன்று கேட்கிறேன். பி.டி.ஐ. என்று ஒரு பாக்டீரியா மருந்து கொசுப்புழுவுக்கு இருக்கிறதே, அது பட்டுப்புழுவுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் பயப்படுகிறார்கள். பி.டி. என்ற பெயரைக் கேட்டாலே கூடு போச்சு என்பார்கள்.

ஊத்தங்கரை விலங்கியல்

அந்தப் பயத்துக்கு வரலாறே இருக்கிறது. பி.டி. பாக்டீரியாவை முதலில் கண்டுபிடித்ததே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான். 1901, ஜப்பான், இஷிவாட்டா என்ற ஆய்வாளர். பத்து ஆண்டு கழித்து ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் இன்னொருவர் கண்டு அந்த ஊர்ப் பெயரை வைத்தார். காய்ப்புழுவுக்கு அடிக்கிற பி.டி. வகை பட்டுப்புழுவையும் கொல்லும், ஏனென்றால் குடும்பம் வேறு என்றாலும் இரண்டும் அந்துப்பூச்சிப் புழுக்கள்தான்.

பி.டி.ஐ. வேறு. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையிலிருந்து எடுத்தது. அதன் நச்சுப் புரதம் கொசு, கருப்பு ஈ வகைகளின் குடலில்தான் வேலை செய்கிறது. மீனுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றும் செய்யாது. புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சிக்கென்றே 1975இலிருந்து இருக்கிற மத்திய அரசு மையம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. குறை என்னவென்றால், புழு அதைத் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் தப்பித்துவிடும். இருந்தாலும் வளர்ப்பு மனைக்குள் எந்த பி.டி.யையும் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது, கடையில் பாக்கெட் மாறிவிட்டால் ஒரு ஈடே போய்விடும்.

காரிமங்கலம் மரச்செக்கு

எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். அபேட்டையே காலம் காலமாக ஊற்றிக்கொண்டிருக்கிறோம், கொசுவுக்கு அது பழகிவிடாதா? நம் ஊர் எண்ணெயை யாரும் மேலே கொண்டுவரமாட்டேன் என்கிறார்களே. வேம்பு, புங்கன் இரண்டும் நம் ரோட்டோர மரம். ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும்.

ஒசூர் வேதியியல்

ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. பிரேசிலில் ஏடிஸ் கொசு டெமிபாஸுக்குப் பழகிப்போய் அந்த மருந்தை மாற்றவேண்டிய நிலை வந்தது. வேம்பில் ஒன்றல்ல, பல பொருட்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, அதற்குப் பழகுவது கொசுவுக்குக் கடினம். இந்த ஆராய்ச்சியில் எனக்கு உள்ள நம்பிக்கையே அதுதான். நாளைக்கு இதிலிருந்து நல்ல மருந்து வரும் என்று நினைக்கிறேன், வரவும் வேண்டும்.

ஆனால் ஆய்வகக் கப்பிலிருந்து ஊர்த் தொட்டிக்கு வருகிற பாதை நீளம். இந்தியாவில் பூச்சிக்கொல்லி எதுவானாலும், தாவர எண்ணெயில் செய்ததானாலும், 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு செய்தால்தான் விற்கலாம். மீன், தேனீ, பாலூட்டி எல்லாவற்றின் மேலும் சோதனை முடிவு கேட்பார்கள். பாட்டிலில் பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, நச்சு அளவைக் காட்டும் நிற முக்கோணம் இருக்கவேண்டும். இல்லாமல் விற்றால் குற்றம். மகளிர் குழு தயாரித்து விற்றாலும் இதே சட்டம்தான். பிறகு குழுவின் பெயர்தான் கெடும்.

பர்கூர் கிரானைட்

எங்கள் பக்கம் நிலைமை வேறு. கைவிட்ட கல்குவாரிக் குழிகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, யாரும் குடிப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடைகளில் பழைய டயர் மலையாகக் கிடக்கிறது. ஊருக்குள் சாக்கடை. இங்கேயெல்லாம் நானோ வேம்பு ஊற்றலாம்தானே?

பென்னாகரம் களப்பணி

டயருக்கு மருந்தே வேண்டாம் தம்பி. டயருக்குள் தண்ணீரை எவ்வளவு கவிழ்த்தாலும் முழுக்க வராது, பக்கச்சுவரில் ஓட்டை போட்டுவிடவேண்டும், இல்லை கூரைக்குக் கீழே அடுக்கவேண்டும். குவாரிக் குழியில் கம்பூசியா, கப்பி மீன் விட்டால் அதுவே தின்றுகொள்ளும்.

ஊத்தங்கரை விலங்கியல்

மீன் விட்ட இடத்தில் நானோ ஊற்றக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்வீன் மாதிரிப் பொருள் அளவு கூடினால் மீனின் செவுளைக் கெடுக்கும். குழிகளில் தட்டான் பூச்சியின் புழுக்கள் இருக்கும், அவையும் கொசுப்புழுவைத் தின்பவை, அவற்றையும் இழந்துவிடக்கூடாது.

எனக்குத் தெரிந்து தாவர எண்ணெய் நானோ முதலில் பொருந்தப்போகிற இடம் சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான். யாரும் குடிப்பதில்லை, மீன் இல்லை, கியூலெக்ஸ் அங்கேதான். அங்கேயும் சிக்கல் உண்டு, கழிவு அதிகமாக இருக்கிற தண்ணீரில் மருந்து கசடோடு ஒட்டிக்கொள்ளும், சுத்தமான கப்பில் வந்த அளவு அங்கே போதாது. செப்டிக் டேங்க் என்றால் காற்றுக் குழாய்க்கு வலை கட்டினாலே பாதிப் பிரச்சினை முடிந்தது.

யோசித்துப் பாருங்கள், நம் மாவட்டத்தில் டெங்குக் கொசு வளர்கிற முக்கியமான இடம் காவிரித் தண்ணீர் பிடித்து வைக்கிற பேரல். அந்த ஒரு இடத்தில்தான் இந்த மருந்துக்கு இப்போதைக்கு வேலை இல்லை. விற்பவர் சரியாக அந்த இடத்துக்குத்தான் விற்கிறார். எனக்குக் கோபம் வருவது அதனால்தான், வேம்பு மேல் அல்ல.

மாரண்டஅள்ளி மல்பெரி

எல்லோருக்கும் நன்றி. பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். பதிவு எண் இல்லை, அசாடிராக்டின் அளவு இல்லை, முக்கோணம் இல்லை. ஒரு கிண்ணத்தில் போர் தண்ணீரில் விட்டு வைத்தேன், அடுத்த நாள் காலையில் மேலே மஞ்சளாக எண்ணெய் வளையம் பிரிந்து நிற்கிறது. ஒசூர் தம்பி, இது நானோ இல்லைதானே?

ஒசூர் வேதியியல்

ஒரே ராத்திரியில் பிரிந்தது என்றால் துளி பெரிது. முதலில் தெளிவாகத் தெரிந்தது, கொஞ்சம் மருந்தை நிறையத் தண்ணீரில் விட்டுக் காட்டியதால் இருக்கும். உங்கள் போர் தண்ணீர் கடினமும் அதிகம், சோப்பு வைத்துக் கலக்கியிருந்தால் அதில் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து திரிந்துவிடும். ட்வீன் அப்படித் திரியாது.

மாரண்டஅள்ளி மல்பெரி

குழுவில் இதைப் படித்துக் காட்டினேன். வாங்குவதில்லை என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஏதாவது செய்யவேண்டும் என்று இருக்கிறார்கள். களப்பணி அக்கா, நீங்களே சொல்லுங்கள், பேரலுக்கு என்னதான் செய்வது?

பென்னாகரம் களப்பணி

மூடிதான். பேரல் வாங்கும்போது கூட வருகிற மூடி உடைந்திருக்கும், இல்லை மாட்டுத் தீவனம் மூடப் போயிருக்கும். தட்டை வைத்து மூடுவார்கள், பக்கத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், ஏடிஸுக்கு அது வாசல் திறந்துவிட்ட மாதிரி. குழுவில் தையல் தெரிந்தவர்கள் இருப்பார்களே, நெருக்கமான வெள்ளைத் துணியில் சுற்றி எலாஸ்டிக் வைத்து உறை தைக்கச் சொல்லுங்கள். துணி வழியாகவே குழாயை விட்டுத் தண்ணீர் பிடிக்கலாம், குப்பையும் வடிகட்டிவிடும். வாரம் ஒருமுறை பேரலைத் தேய்க்கும்போது உறையையும் துவைத்துப் போடலாம். வீட்டுக்கு இரண்டு மூன்று பேரலாவது இருக்கிறது, விற்பனைக்குப் பஞ்சமே இல்லை.

மாரண்டஅள்ளி மல்பெரி

இது நன்றாக இருக்கிறது. அளவு என்ன வைப்பது?

பென்னாகரம் களப்பணி

200 லிட்டர் பேரல் வாய் குறுக்களவு இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சுற்றிலும் அரை அடி கீழே இறங்குகிற மாதிரி வெட்டினால் மூன்றடி வட்டம், அதற்கு மேல் மடிப்புக்கு இரண்டு விரல். நடுவில் துணி தொய்ந்து தண்ணீரில் முங்கக்கூடாது, முங்கினால் கொசு அந்த ஈரத்திலேயே முட்டை வைத்துவிடும். எலாஸ்டிக்கை இறுக்கமாக வையுங்கள். சிமெண்ட் தொட்டி சதுரமாக இருக்கும், அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் அளந்துதான் தைக்கவேண்டும்.

காரிமங்கலம் மரச்செக்கு

என் செக்கு வாசலில் இரண்டு பேரல் இருக்கிறது. முதல் இரண்டு உறை எனக்கு.